நாலு வருஷமாக ஹார்ஸ்ராடிஷ்: பாட்டிலா, வேரா?

ஹார்ஸ்ராடிஷ் என்ற காரமான வேரைச் சாப்பிடத் தொடங்கி நாலு வருஷம் ஆகிறது. முதல் வருஷம் முழுக்க, துருவி வினிகரில் போட்டு விற்கும் பாட்டில்தான். திறந்த அன்றைக்கு ஒரு துளி நாக்கில் பட்டாலே உச்சந்தலை வரை ஏறும், 3 மாதம் கழித்து அதே பாட்டிலில் வினிகர் புளிப்புதான் மிஞ்சியிருக்கும், நிறமும் பழுப்படித்துவிடும். ஃப்ரிட்ஜில் வைத்தால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான். பெரிய பாட்டில் வாங்கினால் பாதி வீண்.

அப்புறம் வேருக்கே மாறினேன். முழு வேரை மோந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது, ஏமாந்துவிட்டோமோ என்றுகூட நினைத்தேன். துருவும்போதுதான் விஷயம் தொடங்குகிறது: செல்கள் உடைந்ததும், அதுவரை தனித்தனியே இருந்த சினிக்ரின் என்ற பொருளும் மைரோசினேஸ் என்ற நொதியும் கலந்து, கடுகில் இருக்கும் அதே அல்லைல் ஐசோதயோசயனேட் என்ற காரப் பொருள் உண்டாகிறது. வினிகர் ஊற்றினால் அந்த வேலை நின்றுவிடும். இது தெரியாமல் முதல் தடவை துருவிய கையோடு வினிகரை ஊற்றிவிட்டு, சப்பென்று இருக்கிறதே என்று வேரைத் திட்டினேன். இப்போது 3 நிமிடம் பொறுத்துத்தான் ஊற்றுகிறேன். அந்த 3 நிமிடம்தான் எல்லாம்.

மிளகாய்க் காரம் மாதிரி இது நாக்கிலேயே உட்கார்ந்துகொள்ளாது, ஆவியாகி மூக்கில் ஏறி, கண் கலங்கவைத்து, சில நொடிகளில் காணாமல் போய்விடும். அடுத்த வாய்க்கு நாக்கு மறுபடி தயார். இங்கிலாந்தில் மாட்டிறைச்சி வறுவலோடும், கிழக்கு ஐரோப்பாவில் பீட்ரூட் சேர்த்தும், அமெரிக்காவில் இறாலுக்கான காக்டெய்ல் சாஸிலும் இதை விடாமல் சேர்ப்பதற்கு இதுதான் காரணம் என்பது என் கணிப்பு. ஜப்பானுக்கு வெளியே வசாபி (சுஷிக்குத் தொட்டுக்கொள்ளும் பச்சைக் காரம்) என்று கிடைப்பதும் பெரும்பாலும் பச்சை நிறம் போட்ட இதுதான்.

பாட்டில்தான் வசதி என்பவர்கள் லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள். ‘சாஸ்’ என்று போட்டிருந்தால் எண்ணெயோ கிரீமோதான் நிறைய இருக்கும். கலப்படச் சந்தேகம் அந்தக் காலத்திலேயே இருந்திருக்கிறது, 1869இல் ஹென்றி ஹெய்ன்ஸ் என்ற அமெரிக்க வியாபாரி துருவிய ஹார்ஸ்ராடிஷை விற்க ஆரம்பித்தபோது உள்ளே இருப்பது தெரியட்டும் என்றுதான் நிறமில்லாத கண்ணாடி பாட்டிலில் போட்டார்.

சமைக்கும்போது சேர்க்காதீர்கள், சூட்டில் காரம் பறந்துவிடும், இறக்கிய பிறகு கலந்தால் போதும். அப்புறம், மிக்ஸியில் அரைத்தால் மூடியைத் திறந்ததும் குனிந்து பார்க்காதீர்கள். நான் பார்த்தேன்.