படிவம் நான்கு பிள்ளைகளுக்கு எந்த நாவல்?

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற ஊரில், படிவம் நான்கு (16 வயது) பிள்ளைகளோடு சேர்ந்து வாசிக்க எது தோது: ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ (1813) நாவலா, ஹார்ப்பர் லீயின் ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ (1960) நாவலா? இரண்டிலும் ஆளை விசாரிக்காமல் எடைபோடுவதால்தான் கேடு வருகிறது.

ஆஸ்டினின் எலிசபெத், விக்கமின் இனிக்கும் பேச்சை நம்பி டார்சியைக் கெட்டவன் என்று முடிவு கட்டுகிறாள். டார்சியின் கடிதம் ஒன்று அவள் கண்ணைத் திறக்கிறது. தங்கை லிடியா விக்கமோடு ஓடிப்போய்க் குடும்பம் தலைகுனிகிறது. ஆனாலும் கடைசியில் எலிசபெத்துக்கும் டார்சிக்கும் கல்யாணம். சரி, திருந்த நேரம் கிடைக்கிறது.

லீயின் கதையில் அது கிடைப்பதில்லை. வெள்ளைக்காரப் பெண் ஒருத்தியை அடித்துக் கெடுத்ததாக டாம் ராபின்சன் மேல் வழக்கு. அவருடைய இடது கை சிறுவயதிலேயே பருத்தி இயந்திரத்தில் சிக்கி முடமாகிவிட்டது. அடிபட்ட பெண்ணுக்கோ முகத்தின் வலப்பக்கம் காயம். அடித்தவன் இடதுகைப் பழக்கக்காரனாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அவள் அப்பா நீதிமன்றத்தில் இடது கையால்தான் எழுதிக் காட்டுகிறார். இத்தனையும் பார்த்த பிறகும் ஜூரிகள் டாமைக் குற்றவாளி என்கிறார்கள். அவர் கறுப்பர் என்பதே அவர்களுக்குப் போதும். அப்புறம், சிறையிலிருந்து தப்ப முயன்றபோது அவர் உடம்பில் 17 குண்டுகள்.

‘தோட்டத்துப் பையனா?’ என்று கேட்ட கையோடு திருட்டுப் பழி போடுகிறவர்களை நம் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். அதனால் என் தேர்வு லீதான். ஆனால் லீ டாமைப் பேசவிட்டதைவிட, அவருக்காக வாதாடும் வெள்ளை வழக்கறிஞரை உயர்த்தியதே அதிகம். அந்தக் குறையையும் பிள்ளைகளோடு பேசவேண்டும். ஆஸ்டினைப் பள்ளி விடுமுறைக்கு வைத்துக்கொள்ளலாம்.