கேஸ் ரெக்கார்டை 'சீல்' செய்து தருவதாகச் சொல்லி 22,000 ரூபாயை ஏப்பம் விட்டார்கள், உஷார்!

கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடையை ஒட்டி 'ஆன்லைன் சேவை' என்று போர்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களே, அப்படி ஓர் இடத்தில்தான் 22,000 ரூபாயைப் பறிகொடுத்தோம்.

கோயில் கொடையில் நடந்த தள்ளுமுள்ளில் தம்பி மீது 294(பி), 323 என்று (ஆபாசமாகத் திட்டியது, அடித்துக் காயப்படுத்தியது) ஒரு பழைய வழக்கு. "ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிடு, அத்தோட முடிஞ்சுது" என்றார்கள், கட்டினான். அப்படி ஒப்புக்கொண்டு கட்டும் அபராதமும் தண்டனைக் கணக்கில்தான் சேரும் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. இப்போது வேலைக்குப் போலீஸ் வெரிஃபிகேஷன் கேட்கிறார்கள்.

பதிவை யார் கண்ணிலும் படாமல் 'சீல்' செய்து தருகிறேன் என்ற அந்தக் கடைக்காரர், தம்பி பேரைத் தட்டிவிட்டு மானிட்டரை என் பக்கம் திருப்பினார். வழக்கு எண், சட்டப்பிரிவு, தீர்ப்புத் தேதி எல்லாம் வரிசையாக நின்றன. "உள்ள ஆள் இல்லாம இதெல்லாம் எனக்கு எப்படி சார் கிடைக்கும்?" என்றார். அதைப் பார்த்துத்தான் பணத்தை எண்ணிக் கொடுத்தேன். அவர் காட்டியது வழக்கு விவரங்கள் இருக்கும் இ-கோர்ட்ஸ் என்ற அரசு இணையதளம், யார் வேண்டுமானாலும் பைசா செலவில்லாமல் பார்க்கலாம் என்பது அப்புறம்தான் தெரிந்தது!

பிறகு கேட்டபோதெல்லாம் "ஐயா ஹைகோர்ட்ல இருக்காரு", "சர்வர் டவுன்", "கோர்ட் லீவு சார்". கடைசியில் பச்சைத் தாளில் 'மேற்படி பதிவு நிரந்தரமாக நீக்கப்பட்டது' என்று ஒரு வரி, கீழே வட்ட முத்திரை, கோழி கிறுக்கின மாதிரி ஒரு கையெழுத்து. எந்த நீதிமன்றம் என்ற பேர்கூட இல்லை. கம்பெனியில் அதைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். திருப்பிக் கேட்டால் "வேலை முடிஞ்சுது, பணம் கிடையாது" என்கிறார், இப்போது போனையும் எடுப்பதில்லை. 22,000 ரூபாய், தம்பியின் அட்வான்ஸ் சம்பளம் சார் அது.

வக்கீலிடம் விசாரித்தேன். 18 வயது தாண்டியவர்கள் அபராதம் கட்டி முடித்த சின்ன வழக்கை மனுப் போட்டு மறைத்துவைக்க நம் ஊரில் பொதுவான சட்டமே கிடையாதாம். சம்பவத்தின்போது 18 வயது ஆகாதவர்களுக்கு மட்டும் சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 24-இல் பதிவை அழிக்க வழி இருக்கிறது. வழக்கை ரத்து செய்வதென்றால் உயர் நீதிமன்றம்தான், கடைக்காரர் இல்லை.

அதனால் யாரும் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், ரசீது கேளுங்கள், தாளில் நீதிமன்றப் பேரும் மனு எண்ணும் இருக்கிறதா பாருங்கள். இலவச சட்ட உதவிக்கு 15100. இன்னும் சொல்ல நிறைய இருக்கிறது, இப்போது ஸ்டேஷனில் புகார் கொடுக்கக் கிளம்ப வேண்டும்.