நிழலுக்குச் செடி வாங்கினால் பாட்டியிடம் கேட்டு வாங்குங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், செம்பனைத் தோட்டத்தை ஒட்டி ஒரு நர்சரி. பெயர் வேண்டாம், ஏனென்றால் முதல் பாதி புகார்.

எங்கள் வீட்டுப் பக்கவாட்டில் செம்பருத்தி வேலி, ஆள் உயரத்தைத் தாண்டிவிட்டது. அதன் உள்பக்கம் பத்தடி நீளத்துக்குக் காலையில் அரை மணி நேரம் வெளிச்சம் எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். இதை அப்படியே சொன்னேன். கடைப் பையன் தலையாட்டிவிட்டு, "இதுதான்கா இப்போ நல்லா போகுது" என்று குரோட்டனும் இட்லிப்பூவும் எடுத்து வைத்தான். அறுபது வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் ஆனது. இரண்டு மாதத்தில் குரோட்டனின் சிவப்பும் மஞ்சளும் மங்கி வெறும் பச்சை, இட்லிப்பூ ஒரு மொட்டுகூட விடவில்லை. செடியைக் குறை சொல்ல முடியாது, இரண்டுமே வெயில் கேட்கிற சாதி.

சண்டை போடலாமென்றுதான் மறுபடி போனேன். பையன் இல்லை, தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பாட்டிதான் இருந்தார். அவர் கேட்டது ஒன்றுதான்: "மழை பேஞ்சா அந்த இடம் நனையுதாம்மா?"

அதை நான் பார்த்ததே இல்லை. அன்று சாயங்காலம் நல்ல மழை, விட்டதும் போய் மம்பட்டியால் கொத்தினால் வேலியடியில் மண் புழுதியாகக் கிடக்கிறது, ஒரு சாண் ஆழத்துக்குள் செம்பருத்தி வேர் தேங்காய் நார் மாதிரி பின்னிக்கிடக்கிறது. என் பிரச்சினை நிழல் மட்டுமில்லை, வேலி தண்ணீரையெல்லாம் குடித்துவிடுகிறது. பாட்டி சொன்னபடி வேலியிலிருந்து இரண்டடி தள்ளி, மக்கிய எரு கலந்து புதுச் செடிகளை நட்டேன். முதல் மாதம் தினமும் தண்ணீர்.

அவர் எடுத்துக் கொடுத்தது பச்சை அக்லோனிமா, பீஸ் லில்லி, பெரணி, பாண்டான். சிவப்பு அக்லோனிமா கேட்டேன், அதற்கு இன்னும் கொஞ்சம் வெளிச்சம் வேண்டும் என்று தரவில்லை (2020 கொரோனா கட்டுப்பாட்டுக் காலத்தில் இதற்கு இருந்த விலையை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது). பெரணிக்குக் காசு கொடுக்கத்தான் மனசு வரவில்லை, செம்பனை மரத்தில் சும்மா தொங்குகிறதே! ஆனால் அதுதான் இப்போது எல்லாவற்றையும்விடச் செழிப்பு. பீஸ் லில்லி தாகம் எடுத்தால் மயங்கி விழுந்த மாதிரி இலையைத் தொங்கப்போடும், ஊற்றினால் சில மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும். பாண்டானைக் குழாயடிப் பக்கம் வைத்தேன், அதற்கு ஈரம் வேண்டும். நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) செய்ய அதன் இலையை இனி கடையில் வாங்குவதில்லை.

இன்னொரு குறை. டிஃபன்பேக்கியாவை வாசலிலேயே அடுக்கி வைத்திருக்கிறார்கள், நிழலுக்கு நல்ல செடிதான், ஆனால் அதன் பால் வாயில் பட்டால் நாக்கு எரிந்து வீங்கும் என்று ஒரு வார்த்தை சொல்வதில்லை. பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு வேண்டாம். புரோமிலியாட்டையும் பையன் தள்ளப் பார்த்தான். இலை நடுவில் தண்ணீர் தேங்கும், ஏடிஸ் கொசு முட்டையிட வேறென்ன வேண்டும், டிங்கி வந்தால் யார் பார்ப்பது?

மற்றபடி செடிகள் சுத்தம், மாவுப்பூச்சி ஒன்றுகூட இல்லை, விலையும் டவுனைவிடக் குறைவு. காலையிலேயே போங்கள். திங்கட்கிழமை பாட்டி வரமாட்டார்.