கணையக் கட்டியை வடிக்கும் உலோக ஸ்டென்ட்: எட்டு ஆண்டுப் பயன்பாட்டில் கண்டவை

தீவிரக் கணைய அழற்சிக்குப் பிறகு அழுகிய திசுவும் சீழும் நான்கு வாரங்களில் சுவர் கட்டி நிற்கும்போது, அந்தக் கட்டியை (இது புற்றுக்கட்டி அல்ல) இரைப்பைக்குள் வடியவிட நாங்கள் பொருத்துவது உடுக்கை வடிவ உலோக ஸ்டென்ட். நிட்டினால் என்ற நிக்கல்-டைட்டானியக் கலப்பு உலோகக் கம்பியைப் பின்னி, சிலிகான் உறையிட்ட இந்தக் குழாயை எட்டு ஆண்டுகளாகப் பொருத்தியும் எடுத்தும் வருகிறேன். பொருத்துவதில் எனக்குக் குறையே இல்லை; நான் எழுத வேண்டியது எடுப்பதைப் பற்றித்தான்.

முன்பு இரண்டு மூன்று பிளாஸ்டிக் ஸ்டென்ட்களைச் செருகுவோம். ஒவ்வொன்றும் ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் தடிமன்; கெட்டியான திசுச் சிதைவு வந்தால் அடைத்துக்கொள்ளும். உலோக ஸ்டென்ட்டின் உள்விட்டம் 15 மில்லிமீட்டர் என்பதால், எண்டோஸ்கோப்பையே அதன் வழியே நுழைத்து அழுகிய திசுவை அள்ளி வெளியே போடலாம். ஸ்டென்ட் விரிந்த கணத்தில் பழுப்பு நீர் இரைப்பைக்குள் பீறிட்டு வருவதையும், உறிஞ்சுகுழாய் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறுவதையும் ஒருமுறை பார்த்தவர்கள் பழைய முறைக்குத் திரும்பத் தயங்குவார்கள்.

சிக்கல் அதன் பிறகு வருகிறது. கட்டி வேகமாகச் சுருங்குகிறது. பிளாஸ்டிக் குழாய் அதனோடு நெகிழ்ந்து நகர்கிறது. உலோகத்தின் அகன்ற விளிம்போ இருந்த இடத்திலேயே நிற்க, எதிர்ச்சுவர் வந்து அதில் உரசுகிறது. அந்தச் சுவரை ஒட்டித்தான் மண்ணீரல் தமனி போன்ற ரத்தக்குழாய்கள் ஓடுகின்றன. அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் இரு வகை ஸ்டென்ட்களையும் ஒப்பிட்ட ஆய்வின் இடைக்கால முடிவு 2017இல் வந்தபோது, உலோகம் பொருத்திய முதல் 12 பேரில் 6 பேருக்கு ரத்தக்கசிவு, சதைக்குள் புதைதல், பித்தக்குழாய் குறுகல் ஆகியவற்றுள் ஒன்று நேர்ந்திருந்தது. மூன்றாவது வாரத்தில் சிடி ஸ்கேன் எடுத்து, கட்டி வற்றியிருந்தால் ஸ்டென்ட்டை அகற்றிவிட வேண்டும் என்று விதியையே அவர்கள் மாற்றினார்கள். எங்கள் கையில் அந்த அளவுக்கு நேரவில்லை. ஆனாலும் அந்த மூன்று வாரக் கணக்கை நான் தளர்த்துவதில்லை.

அதைத் தளர்த்தினால் என்ன ஆகும் என்பதை ஒரு விவசாயி எனக்குக் காட்டினார். மூன்றாவது வாரம் வர வேண்டியவர் ஐந்தாவது மாதம் வந்தார். "வலி இல்ல, சோறு நல்லா இறங்குது, அதான் வராம இருந்துட்டேன் டாக்டர்" என்றார். உள்ளே பார்த்தபோது ஸ்டென்ட்டின் வட்ட விளிம்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சதைமேடும், அதன் நடுவில் ஊசிமுனைத் துளையும் மட்டுமே தெரிந்தன. துளையைப் பலூனால் விரித்து, உள்ளே மின்னிய கம்பியை இடுக்கியால் பற்றி, விளிம்பை உள்நோக்கி மடக்கி மடக்கி இழுத்து முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அவரைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. திரும்பி வர வேண்டிய நாளை டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசி வரியில், அதுவும் ஆங்கிலத்தில், எழுதியிருந்தது நாங்கள்தான்.

ரத்தக்கசிவு இதைவிடக் கொடிது. ஸ்டென்ட் உள்ளவர் கருமலம் போனாலோ ரத்த வாந்தி எடுத்தாலோ, குழாயைப் பிடுங்கக் கை துறுதுறுக்கும். அதற்கு முன் ரத்தக்குழாய்களைக் காட்டும் சிடி ஆஞ்சியோகிராம் பார்த்து, ரத்தக்குழாய் புடைத்திருந்தால் உலோகச் சுருள் வைத்து அதை அடைக்கும் குழுவை அழைப்பதே என் வழக்கம். உணவுத் துணுக்கு அடைத்துக் காய்ச்சல் வருவது அடிக்கடி நேர்வது. கழுவிவிட்டால் பெரும்பாலும் சரியாகும். அடைப்பைத் தடுக்க உலோகத்தின் வழியே ஒரு பிளாஸ்டிக் குழாயையும் செருகுவோர் உண்டு. நானும் சில சமயம் செய்கிறேன், முழு நம்பிக்கையோடு அல்ல.

சிதைவே இல்லாத, வெறும் நீர் மட்டும் நிறைந்த கட்டிக்கு இப்போது பிளாஸ்டிக்கைத்தான் வைக்கிறேன். விலையும் பல மடங்கு குறைவு, நோயாளி தாமதித்தாலும் ஆபத்தும் குறைவு.

எண்டோஸ்கோப்பி அறை மேசையில் இன்று ஒரு நீளக் குறிப்பேடு இருக்கிறது. ஸ்டென்ட் வைத்த நாள், எடுக்க வேண்டிய நாள், நோயாளியின் கைப்பேசி எண்ணோடு வீட்டார் ஒருவரின் எண் ஆகியவற்றைச் செவிலியர் அதில் எழுதுகிறார். ஸ்டென்ட்டை எடுத்த பிறகே அந்த வரி சிவப்பு மையால் அடிக்கப்படும். இந்த மாதம் அடிபடாத வரிகள் மூன்று. அவற்றில் ஒரு கைப்பேசி நேற்றிலிருந்து அணைத்து வைக்கப்பட்டிருப்பதால், வீட்டார் எண்ணுக்கு அழைத்துக்கொண்டிருக்கிறோம்.