டைப்பிங் சென்டர் வாடகை அக்ரிமென்ட்: கையெழுத்துக்கு முன் திருத்த வேண்டியவை

சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரிலும் நீதிமன்ற வாசலிலும் இருக்கும் டைப்பிங் சென்டர்களில் இரண்டு பேரின் ஆதார் நகலைக் கொடுத்தால், கொஞ்ச நேரத்தில் வாடகை அக்ரிமென்ட் கைக்கு வந்துவிடும். கடைக்குக் கடை எழுத்துரு மாறும், வாசகம் பெரிதாக மாறாது. "1 லக்கமிட்டவரும் 2 லக்கமிட்டவரும் மனப்பூர்வமாகச் சம்மதித்து எழுதிக்கொண்ட" என்று (முதல் தரப்பினர், இரண்டாம் தரப்பினர் என்று பொருள்) தொடங்கி இரண்டு பக்கத்தில் முடிகிற அந்தப் பத்திரத்தை, தமிழ்நாட்டின் 2017-ம் ஆண்டு வாடகைச் சட்டத்தோடு வைத்துப் பார்க்கிறது இந்த மதிப்புரை.

முகவரிச் சான்றுக்கும் அலுவலகத்தில் வாடகைப்படிக்கு (HRA) வருமான வரிக் கழிவு கேட்பதற்கும் பொதுவாக இது போதும். வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, மாதம் எந்தத் தேதிக்குள் கொடுக்க வேண்டும், உள்வாடகைக்கு விடக்கூடாது என்பதெல்லாம் குழப்பமில்லாமல் இருக்கும். ஆனால் ஆண்டு வாடகை 1 லட்சம் ரூபாயைத் தாண்டினால் கழிவு கேட்க வீட்டு ஓனரின் பான் எண் தேவை. பல கடைகளின் பத்திரத்தில் அதற்கு இடமே இருக்காது. டைப் செய்யும்போதே சொல்லிச் சேர்த்துவிட்டால் மார்ச் மாதத்தில் ஓனரிடம் போய் நிற்க வேண்டியதில்லை.

பத்திரம் சறுக்குவது ரிப்பேர் விஷயத்தில்தான். "வீட்டைச் சேதப்படுத்தாமல் இருந்தபடியே திரும்ப ஒப்படைக்க வேண்டியது" என்ற ஒற்றை வரியோடு பெரும்பாலான பத்திரங்கள் நிறுத்திக்கொள்கின்றன. ஓனருக்கும் குடியிருப்பவருக்கும் வருகிற சண்டையில் பாதி இந்த வரியிலிருந்துதான் கிளம்புகிறது. சட்டத்தின் இரண்டாம் அட்டவணை யார் எதைப் பார்க்க வேண்டும் என்று பிரித்தே சொல்கிறது. கட்டட அமைப்பு சார்ந்த பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு பெயின்ட், தண்ணீர் பைப் மாற்றுவது, உள்ளும் வெளியும் உள்ள ஒயரிங் ஆகியவை ஓனர் பொறுப்பு. டேப்பும் அதன் வாஷரும், சாக்கடை அடைப்பு, கழிவறைக் கோப்பை, வாஷ்பேசின், கீசர், சுவிட்ச், பிளக் பாயின்ட், பூட்டு, தாழ்ப்பாள், ஜன்னல் கண்ணாடி, கொசுவலை ஆகியவை குடியிருப்பவர் பொறுப்பு. மொட்டைமாடி ஒழுகி சீலிங் ஊறினால் ஓனர். டேப் சொட்டினால் குடியிருப்பவர். சுவருக்குள் போகிற பைப் கசிந்தால் மறுபடியும் ஓனர்.

ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. "காலி செய்யும்போது பெயின்டிங் செலவுக்கு ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்ளலாம்" என்ற வரி பத்திரத்தில் இருந்து, படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டால், வெள்ளையடிப்பது ஓனர் பொறுப்பு என்று பிறகு அட்டவணையைக் காட்டி வாதாடுவது கடினம். ஆணி அடித்த ஓட்டை, குழந்தை கிறுக்கிய சுவர் இவற்றுக்குப் பணம் கேட்பது நியாயம். நாலு வருஷத்தில் தானாக மங்கிய பெயின்டுக்கு ஒரு மாத வாடகை கேட்பது நியாயமே இல்லை. அந்த வரியை அடிக்கச் சொல்லுங்கள். அடிக்க மறுத்தால் "இயல்பான தேய்மானம் நீங்கலாக" என்ற மூன்று சொற்களையாவது சேர்க்கச் சொல்லுங்கள்.

அட்டவணையும் தொடாத சில உண்டு. சம்ப், மேல்நிலைத் தொட்டி, மோட்டார், செப்டிக் டேங்க் ஆகியவற்றைப் பத்திரத்தில்தான் எழுதியாக வேண்டும். சம்பில் தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடினால் காயில் கருகிவிடும். அப்போது "ஆன் செய்தது யார்" என்ற பேச்சுதான் முதலில் வரும். பல குடித்தனம் உள்ள வீடென்றால் மோட்டார் செலவை ஓனர் ஏற்பதா, எல்லோரும் பங்கு போடுவதா என்று ஒரு வரி போதும். கீசர் ரிப்பேர் அட்டவணையில் இருந்தாலும் அதற்கும் ஒரு வரி வேண்டும். போர் தண்ணீரில் உப்பு படிந்து காயில் போவது சாதாரணம், அதை மாற்றுவது குடியிருப்பவர் செலவு. டேங்கே துருப்பிடித்து ஒழுகுகிற பழைய கீசருக்குப் பதில் புதிது வாங்குவதை ரிப்பேர் என்று சொல்ல முடியாது. அது ஓனர் பொறுப்பு என்று தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

ஓனர் தன் பங்கு ரிப்பேரைச் செய்யாவிட்டால், குடியிருப்பவர் செய்துவிட்டு வாடகையில் கழிக்கலாம். ஆனால் ஒரு மாத வாடகையில் பாதிக்கு மேல் அந்த மாதத்தில் பிடிக்கக் கூடாது. குடியிருப்பவர் செய்யாவிட்டால் ஓனர் அட்வான்ஸில் கழிக்கலாம். இரண்டுக்கும் பில் வேண்டும். முன்கூட்டியே எழுத்தில் சொல்லியிருப்பதும் நல்லது, வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்தாலும் பின்னால் காட்ட ஏதாவது இருக்கும்.

அட்வான்ஸ் பகுதியில் "வட்டியில்லாமல் திருப்பித் தரப்படும்" என்று எழுதுகிறார்கள், எப்போது என்று எழுதுவதில்லை. அதுதான் "அடுத்த ஆள் வந்ததும் தருகிறேன்" என்று நீளுகிறது. வீட்டை ஒப்படைத்து ஒரு மாதத்துக்குள், பாக்கி ஏதும் இருந்தால் கழித்துக்கொண்டு திருப்ப வேண்டும் என்பது சட்டம். அந்தக் காலக்கெடுவை அப்படியே பத்திரத்தில் போடச் சொல்லுங்கள். அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. ஆனால் இருவரும் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் ஒழிய என்ற விலக்கு கூடவே இருப்பதால், ஆறு மாதம், பத்து மாதம் கேட்பது இன்னும் நிற்கவில்லை. பேரம் பேச வேண்டிய இடம் இது.

பத்திரத்தில் வழக்கமாகப் போடும் 11 மாதம் என்ற கணக்கு வேறொரு சட்டத்துக்காக வந்தது. 1908-ம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும், அதைத் தவிர்க்க 11 மாதம் போட்டார்கள். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த அந்த 2017 வாடகைச் சட்டத்தில் இந்த வழி உதவாது. நகர்ப்புறத்தில் எத்தனை மாத ஒப்பந்தமானாலும் வாடகை அதிகாரியிடம், அரசின் வாடகைப் பதிவு இணையதளம் வழியாக, பதிய வேண்டும். அதற்கான காலக்கெடு 90 நாள். டைப்பிங் சென்டரில் இதைச் சொல்வது அரிது. நோட்டரி முத்திரை குத்தியதோடு வேலை முடிந்தது என்றே அனுப்பிவிடுகிறார்கள். நோட்டரி முத்திரை இந்தப் பதிவுக்கு மாற்று ஆகாது. பதிவெண் இல்லாவிட்டால் தகராறு வரும்போது அந்த ஒப்பந்தத்தைச் சான்றாகக் காட்டுவதே சிக்கலாகும், இது ஓனருக்கும் சேர்த்துத்தான்.

"வாடகை தவறினால் முன்னறிவிப்பின்றி வெளியேற்றலாம்" என்ற வரியைக் கண்டால் நீக்கச் சொல்லுங்கள். வெளியேற்ற வாடகை நீதிமன்ற உத்தரவு வேண்டும். தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தி நெருக்குவதற்கும் சட்டத்தில் தடை உண்டு. அதே சமயம், ஒப்பந்தம் முடிந்த பிறகும் காலி செய்யாமல் இருந்தால் முதல் இரண்டு மாதம் இரு மடங்கும் அதன் பிறகு நான்கு மடங்கும் வாடகை தர நேரும். வீட்டைப் பார்க்க ஓனர் வருவதென்றால் 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் சொல்ல வேண்டும். இதையும் பத்திரத்தில் சேர்க்கலாம்.

கடைசிப் பக்கத்தில் "மின்விசிறி __, குழல்விளக்கு __" என்ற கோடிட்ட இடத்தைக் காலியாக விடாதீர்கள். சாவிகளின் எண்ணிக்கை, கீசர் எந்தக் கம்பெனி, குடிவந்த நாளின் கரண்ட் மீட்டர் ரீடிங் எல்லாம் அங்கே வரட்டும். பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வரும் என்பதால் அந்த ரீடிங் இல்லாமல் முந்தைய குடித்தனத்தின் யூனிட் உங்கள் கணக்கில் ஏறிவிடும். எல்லாப் பக்கத்திலும் இருவரும் கையெழுத்திட்டு அசல் இரண்டு பிரதி எடுக்கச் சொல்லுங்கள். ஒரு அசலை 15 நாளுக்குள் குடியிருப்பவரிடம் கொடுக்க வேண்டியது ஓனரின் கடமை. நகல் மட்டும் தந்தால் அசலைக் கேட்டு வாங்குங்கள்.