அமீன் சயானி குரலுக்காகவே ஒரு காரவான்

போன தீபாவளிக்கு அப்பாவுக்கு சரிகம காரவான் என்ற பாட்டுப் பெட்டி வாங்கிக் கொடுத்தேன். அவருக்கு 83 வயது, மும்பை மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர். பெட்டிக்குள் 5000 இந்திப் பாட்டு பதிந்தே வருகிறது. நெட்டும் வேண்டாம், செல்போனும் வேண்டாம். ஒரே தடவைதான் காட்டினேன், பிடித்துக்கொண்டார்.

ஆனால் நான் வாங்கியது பாட்டுக்காக இல்லை. இதில் 'கீத்மாலா' என்று தனியாக ஒரு பகுதி இருக்கிறது. இந்தி சினிமா பாட்டுகளை வரிசைப்படுத்திப் போட்ட பழைய வானொலி நிகழ்ச்சி அது. அதைப் போட்டதும் "பெஹ்னோ ஔர் பாயியோ", அதாவது சகோதரிகளே சகோதரர்களே, என்று அதன் அறிவிப்பாளர் அமீன் சயானி கூப்பிட்டார். அப்பா காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, தலையைச் சாய்த்துக் காதைப் பெட்டிப் பக்கம் கொண்டுபோனார். சிற்றலையில் குரல் தூரப் போய்த் திரும்பி வரும், அப்படிக் கேட்டுப் பழகின காது. "இவ்வளவு தெளிவா நான் கேட்டதே இல்லடா" என்றார்.

1952 டிசம்பரில் இந்த நிகழ்ச்சி தொடங்கியபோது சயானிக்கு இருபது வயது முடியவில்லை. அகில இந்திய வானொலி சினிமா பாட்டை ஒதுக்கி வைத்திருந்த காலம் அது. பம்பாயில் பேசிப் பதிவு செய்த நாடா விமானத்தில் கொழும்புக்குப் போகும். இலங்கை வானொலி அதை இந்தியா முழுக்கக் கேட்க வைக்கும். பினாகா பற்பசைக்காரர்கள் நடத்திய நிகழ்ச்சி. சயானிக்கு வாரம் 25 ரூபாய் சம்பளம். கடிதங்கள் மூட்டை மூட்டையாக வந்து குவிந்தன.

அவர் இந்தி இவ்வளவு எளிமையாக இருப்பதற்கு அவர் அம்மா குல்சும் சயானிதான் காரணம் என்பேன். புதிதாக எழுதப் படித்தவர்களுக்காக அந்த அம்மா 'ரஹ்பர்' என்ற பத்திரிகை நடத்தினார். சின்ன வயதிலேயே மகனும் அதில் கூடமாட வேலை செய்தார். வீட்டில் தமிழ் பேசிய எங்கள் பாட்டிக்கும் அவர் சொன்னது புரிந்தது அதனால்தான். பாட்டு எத்தனையாவது இடம் என்று வெறும் எண்ணாகச் சொல்ல மாட்டார், 'பாய்தான்', அதாவது படி, என்பார். பாட்டு ஒவ்வொரு படியாக ஏறி வரும்.

சயானி 2024 பிப்ரவரியில் 91 வயதில் மும்பையில் காலமானார். காரவான் பல மொழிகளில் வருகிறது, அதனால் வாங்கும்போது கீத்மாலா உள்ள இந்திப் பெட்டிதானா என்று பார்த்து வாங்குங்கள். அப்புறம், பேச்சைத் தள்ளிவிட்டுப் பாட்டுக்குத் தாவாதீர்கள்.

அப்பா கீத்மாலாவை, அன்று வானொலியில் வந்த அதே புதன்கிழமை இரவு 8 மணிக்குத்தான் போடுகிறார்.