சிகாகோ கப்ஸ் பருவவாரி வரலாறு: நூல் மதிப்புரை

சிகாகோ கப்ஸ் பேஸ்பால் அணியின் ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கும் இந்தத் தொகுப்பில், நான் திரும்பத் திரும்பப் புரட்டியது 1906-ஆம் ஆண்டுப் பக்கத்தைத்தான். 116 வெற்றி, 36 தோல்வி என்று கொடிகட்டிப் பறந்த அணி, உலகத் தொடரில் (அமெரிக்கப் பேஸ்பாலின் ஆண்டு இறுதிக் கோப்பைத் தொடர்) அதே நகரத்து ஒயிட் சாக்ஸ் அணியிடம் மண்ணைக் கவ்விய கதையை ஆட்டவாரியாக, ஓட்டக் கணக்குடன் விளக்கியிருக்கிறார்கள். 1908-இல் அந்தக் கோப்பையை வென்றதற்குப் பிந்தைய பக்கங்கள் பெரும்பாலும் சலிப்பூட்டுகின்றன. 1945-இல் டெட்ராய்ட் டைகர்ஸிடம் உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் தோற்ற பகுதி மட்டும் விதிவிலக்கு. 2016-ஆம் ஆண்டுப் பக்கம் பெரிய ஏமாற்றம். கிளீவ்லாந்தில் 17 நிமிட மழை இடைவேளைக்குப் பின், பத்தாவது இன்னிங்ஸில் 8-7 என வென்று, கோப்பைக்கான 108 ஆண்டுக் காத்திருப்பைத் தீர்த்துக்கொண்ட இரவுக்கு நான்கே வரிகளா? மீதியெல்லாம் அட்டவணை, அதன் எழுத்துகளோ கடுகளவு, எனக்குப் பூதக்கண்ணாடி தேவைப்பட்டது.